பதினேழு நாள்

விடியுமுன்னே காமன்சாக்கா மேடேறி வரும்.
கடல் எழுப்பி அனுப்பும் பனிக்கு
இந்தக் கரையில் அதுதான் பெயர்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வலையடியில் நிற்பேன்.
நாற்பது வலை, ஒரு தொட்டி,
கோடு கிழித்த குச்சி ஒன்று.

கண்ணுக்கு நிறையப் பனி.
வெள்ளையோ வெள்ளை.
தொட்டியில் நாலு விரற்கடை.

சந்தியாகோவிலிருந்து வந்தாள் இஸ்மேனியா.
குழாய் வைத்து மேகத்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு
"நீர் அதே நீர்தான்,
பந்தியில் ஆள் கூடிப்போச்சு" என்றாள்.
உருக்காலைப் புகைபோக்கி துப்பும்
ஒவ்வொரு துகளும்
தனக்கென்று ஒரு துளி கேட்கிறதாம்.
பங்கு போட்டுப் போட்டுத்
துளி சிறுத்துவிட்டது.
பெரிய துளி என்றால் நூலில் முட்டும், வழியும்.
இது காற்றோடு வளைந்து
நூலைத் தொடாமல் நழுவுகிறது,
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டதுபோல.
வெயிலை மட்டும்
பளீரென்று திருப்பி அடிக்கிறது.
அழகுதான்.
குடிக்க ஆகாத அழகு.

அந்த உலையில்தான் என் தம்பி நோல்பெர்த்தோவுக்குப்
பதினொரு வருடமாய்ச் சோறு.
இந்த வலைக்கம்பங்கள் அவன் வாங்கித் தந்தவை.

ஆகஸ்டில் வேலைநிறுத்தம்.
மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை.
நான்காம் நாள் இருட்டில்
வலை பேசியது.
சொட்டில்லை, ஒழுக்கு.
மேகம் சற்றே மங்கி, கனத்து,
கள்ளிமேல் தூறக்கூடச் செய்தது.
ஒன்பதாம் நாள் தொட்டி வழிந்து
பாறையில் ஓடியது. குச்சியை எறிந்துவிட்டேன்.
பாஸ்குவாலா தன் கைக்குழந்தையை
முதன்முறையாக முழுகவே வைத்துக் குளிப்பாட்டினாள்.

நோல்பெர்த்தோ மோட்டார் சைக்கிளை விற்றான்.
பிறகு மனைவியின் தையல் மெஷினை.
நிறைகுடங்களை அவனே சுமந்து இறக்கினான்,
"இதைப் பொரித்துத் தின்னலாமா அக்கா?"
சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.

தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
அவர்கள் ஜெயிக்கட்டும் என்று வேண்டினேன்.
சீக்கிரம் முடியட்டும் என்று
வேண்டவில்லை.

பதினெட்டாம் நாள் சங்கு ஊதியது.
நூற்றுக்கு நான்கு உயர்வு.
கன்னத்தில் முத்தமிட்டு பஸ் ஏறினான் தம்பி,
புது பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்றான்.

இன்று காலை பனி
மறுபடி வெள்ளைவெளேரென்று வந்தது.
குச்சியைத் தேடி எடுத்து விட்டுப் பார்த்தேன்.
ஈரம் ஏறிய இடத்தை நோட்டில் எழுதும்போது
அவன் போன் செய்தான்:
கூடுதல் பணம் வந்ததும்
இன்னும் நாலு வலை
கட்டிக்கொள்ளலாம் அக்கா.