எலி கடிச்ச இடம்

கூத்தாநல்லூர் ஷாகுலின் காயலாங்கடையில்
நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தது கதவு.
படுக்க வைத்து விலை கேட்டேன்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
டாட்டா ஏஸ் வாடகை தனி.

மன்னார்குடியில் எங்களுக்கு
இரண்டாவது மாடி, வாடகை வீடு.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று
ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.
அதனால் அலங்காரமெல்லாம்
தரையில் நிற்க வேண்டும்,
இல்லையென்றால் ஃபேன் கொக்கியில் தொங்க வேண்டும்.
முத்துப்பேட்டை வலையிலிருந்து கழன்ற மிதவைகள் ஏழு
விளக்கைச் சுற்றி.
அறுப்பு மெஷினின் தேய்ந்த பெல்ட்
கண்ணாடிக்குச் சட்டம்.
பம்புசெட் ஃபுட்வால்வில் மணி பிளான்ட்.
யூரியா சாக்குத் திரையில்
எழுத்து இடம்வலம் மாறித் தெரிகிறதே என்று
ஜெயராஜ் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை.

கதவுக்கு நான்கு ராத்திரி.
பகலெல்லாம் பிரீமியம் வாங்கி ரசீது கிழிக்கிற கை
உப்புத்தாளில் தேய்ந்தது.
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே இன்னொரு பச்சை,
தும்மலுக்கு ஒரு நிறம்.
கால்களுக்குத் தையல் மெஷின் ஸ்டாண்டு இரண்டு.
வெளித் தாழ்ப்பாளைக் கழற்றவில்லை, பித்தளை.
கீழோரம் யாரோ அடித்திருந்த
தகரச் சதுரத்தையும் விட்டுவைத்தேன்.
கேட்டவர்களிடம்
அதுதான் டிசைன் என்றேன்.

சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த பக்கிரிசாமி
சமையலறைக்குப் போகாமல் நின்றார்.
குனிந்து தகரத்தைத் தடவினார்.
"எலி கடிச்ச இடம்.
டால்டா டின்ன வெட்டி நாந்தான் அடிச்சேன்."

ஐப்பசி வந்தால் ஊதிக்கொள்ளுமாம்.
உதைத்தால்தான் திறக்குமாம்.
உதைத்து உதைத்து விழுந்த பள்ளத்தைக் காட்டினார்.
நான் சாம்பார்க் கிண்ணம் வைக்கிற இடம்.
அது அங்கே மட்டும் ஆடாமல் நிற்பது ஏனென்று
இப்போது தெரிந்தது.

"அண்ணந்தம்பி மூணு பேரு.
மனையப் பிரிச்சாச்சு. ஓட்டக்கூட எண்ணிப் பிரிச்சாச்சு.
கதவ எப்படிப் பிரிக்கிறது?
தொள்ளாயிரத்துக்குப் போட்டோம்."
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"நீங்க என்ன வெலைக்கு எடுத்தீங்க?"

ஆயிரம், என்றேன்.

"பரவால்ல" என்று சிரித்தார்.
முந்நூறு முந்நூறு முந்நூறு என்று
எனக்குள் யாரோ வகுத்துக்கொண்டிருந்தார்கள்.
போகிற போக்கில், பழக்கதோஷமோ என்னவோ,
விரல் முட்டியால்
பலகையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரது?"
கீழேயிருந்து பூவிழி.
அங்கேதான் அவளுக்கு வீடு,
ஒரு தலையணை, ஒரு டப்பா, சமைத்துவைத்த மணல்.

"பக்கிரிசாமி. கேஸு."

"கால் கழுவிட்டு வாங்க."

சிட்டையை அதன்மேலேயே வைத்துக்
கையெழுத்துக் கேட்டார்.
சாவித் துவாரம் இருப்பதை மறந்து
அழுத்தி எழுதினேன்.
என் பெயரின் நடுவில்
பேனா உள்ளே இறங்கிவிட்டது.