இருபத்தெட்டாவது வாரம்

நோய்க்கால ஊதியம்
வெள்ளியோடு நிற்கிறது.
மேசையில் படிவம்:
நிற்காமல் எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?

டில்வினுக்கு மீட்டர் பிடிபடாது.
பத்தொன்பது வருடம் ஸ்வான்ஸீயில் பஸ் ஓட்டியவன்,
நிறுத்தங்களாகத்தான் தெரியும் தூரம்.

தபால்பெட்டிவரை என்றுதான் கிளம்பினான்.
பக்கத்து வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு
பூப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டான்.
பூ இல்லை. பிப்ரவரி.

நெரிஸ் தையல் நாடாவால்
குனிந்து குனிந்து அளந்து வந்தாள்.
பதினேழு.

"இருபது போடேன்."

ஆலோசனை மையத்துப் பெண்
படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்:
நல்ல நாளை எழுதாதீர்கள்,
வழக்கமான நாளை எழுதுங்கள்.

ஓடி வந்தவர்களுக்கெல்லாம்
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தவன்
மூன்று மீட்டருக்குக் கூசுகிறான்.

நெரிஸ் எழுதினாள்: பதினேழு.
பிறகு கட்டத்துக்கு வெளியே,
பொடி எழுத்தில்:
வேலியையும் சேர்த்து.