கணக்கில் வராத கந்தல்

ஹாமில்டனில் பதினோரு வருஷம்
பேரங்காடிக் கூரைகளுக்குள் குழாய் மாட்டினேன்.
கசிந்தால் இறுக்கு. மறுபடி கசிந்தால்
இன்னும் கொஞ்சம் இறுக்கு.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முடி,
அவ்வளவுதான் சட்டம்.

இப்போது ஹூரான் ஏரிக்கரை, அணுமின் நிலையம்.
முதல் மூன்று வாரம் குழாயைத் தொடவே விடவில்லை.
வகுப்பு, தேர்வு, சிறுநீர்ச் சோதனை.
கையுறையைக் கழற்றும் விதத்துக்கே
ஒரு முழு மதியம்.

இங்கே இரும்புக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு:
எந்த உலையில் உருகியது, எவர் சோதித்தது.
ஓர் அடிக் குழாய்க்கு ஒரு முழக் காகிதம்.
நான் திருகை முறுக்க, ஓடெட் பெலிவோ
பக்கத்தில் நின்று பார்ப்பாள்.
நான் கையெழுத்துப் போட, கீழே அவளும் போடுவாள்.
முதலில் கூசியது,
பதினோரு வருஷக் கைக்குக் காவலா என்று.
பிறகு எப்போதோ
அவள் வரத் தாமதித்தால்
கை தானாக நின்றது.

பிப்ரவரியில் ஓர் இரவு.
திறந்த குழாயருகே ஏழு கருவி போனது,
ஏழும் திரும்பியது. பட்டியல் சரி.
ஆனால் குறட்டுப் பிடியில் சுற்றிய சிவப்பு நாடாவில்
நகமளவு இல்லை.
நாடாவை யாரும் எண்ணுவதில்லை.

பர்லிங்டன், இரண்டாம் தளம், காலணிக் கடைக்கு மேலே
ஒழுகலை நிறுத்த ஒரு கந்தலைத் திணித்தேன்,
எடுக்காமலே பற்றவைத்தேன்.
வண்டியில் ஏறியபின்தான் ஞாபகம் வந்தது.
மணி நாலு.
சாவியைத் திருப்பினேன்.

நாடாவைச் சொல்லிவிட்டேன்.
பதினான்கு மணி நேரம் வேலை நின்றது.
பாம்புபோல் நெளியும் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள்.
ஒருவராவது கத்தியிருக்கலாம்.
விடியும்போது ஓடெட் திரையைக் காட்டினாள்:
குழாய் வளைவில், பொட்டுப்போல்.
"பெயரை முழுசாக எழுது, ஹட்செக்" என்றாள்,
காபியை என் பக்கம் தள்ளியபடி.

ஜூலை விடுமுறையில் மகளுக்கு ஷூ வாங்கப் போனோம்,
அதே கடை.
விற்கும் பையன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.
"மன்னியுங்கள், இந்தப் பக்கம் மட்டும்
ஏசி ஏறுவதே இல்லை.
எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டார்கள்."

நான் அண்ணாந்தேன்.
வெள்ளைக் கூரை, வரிசையாக விளக்கு.

"கடிக்குதுப்பா" என்றாள் மகள்,
ஒற்றைக் காலில் நின்றபடி.
ஆமாம் என்றேன்,
இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டு.