வாடகை வீட்டில் ஓர் ஆணி

பகலில் பல் செய்கிறவள் நான்.
டார்ட்டு நகரம், ஆற்றோரச் சந்தைக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் பட்டறை.
யாருடையதோ வாயின் அச்சு வரும்,
பல் விழுந்த இடத்தில் பள்ளத்தோடு.
பக்கத்துப் பற்களின் மஞ்சளைப் பார்த்துப் பார்த்து
அதே மஞ்சளைக் கலக்க வேண்டும்.
ஒரு பொட்டு வெளுத்தாலும் சிரிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.
காபிக் கறையைக்கூட நான்தான் தீட்டுவேன்.

இரவில் எட்லாவை எழுதுகிறேன்.

அவளை இங்கே எல்லோருக்கும் தெரியும்,
பள்ளிப் பாடத்தில் வந்தவள்.
கடைசிப் பக்கத்தில்
ஈரப்பனியில் ஊறிய மேலங்கியோடு உள்ளே வந்து
கதவைச் சாத்தினாள். முற்றும்.
அவளைப் படைத்தவர் அதற்குப் பிறகு
ஒரு மளிகைக் கணக்குகூட எழுதாமல் போய்ச் சேர்ந்தார்.
நூற்றுப் பத்து வருடமாய்
கதவுக்கு இந்தப் பக்கம் சொட்டச் சொட்ட நிற்கிறாள்.

முதலில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன்.
நாற்பது பக்கம் ஓடிய பிறகுதான் தெரிந்தது,
மாப்பிள்ளை மூலத்தில்
பதினோராம் அத்தியாயத்திலேயே காய்ச்சலில் செத்தவன்.
கண்டுபிடித்தது என் கணவர் யூலோ,
கறுப்பு ரொட்டியை மென்றபடி.
"பிணத்தை எழுப்பி மோதிரம் போட்டிருக்கிறாய்."

பிறகு ரிகாவுக்கு ரயில் ஏற்றினேன்.
அவள் ஊருக்குத் தண்டவாளம் வர
இன்னும் ஆறு வருடம் இருந்தது.
சரி, குதிரை.
எந்தக் குதிரை?
மூன்றாம் அத்தியாயத்தில் செம்பழுப்பு,
பத்தொன்பதில் கறுப்பு.
அவர் மறந்ததற்குப் பேராசிரியர்கள் காரணம் சொன்னார்கள்,
துக்கத்தின் நிறமாம்.
நான் மறந்தால் யூலோ சும்மா விடுவாரா?
சாம்பல் என்று எழுதி அடித்து
கடைசியில் அவளை இருட்டில் கிளம்பவைத்தேன்.

நடைதான் இன்னும் மோசம்.
அவருக்கு அரைப்புள்ளி பிடிக்கும்;
அவர் வாக்கியம் வயல் தாண்டி, சதுப்பு தாண்டி,
தேவாலயம் வரை போய்
விளக்கேற்றிவிட்டுத் திரும்பி வரும்;
நான் வேலியோரம் உட்கார்ந்துவிடுகிறேன்.
புத்தகம் முழுக்க ‘தனிமை’ என்ற சொல்லே இல்லை.
பென்சிலோடு உட்கார்ந்து தேடிவிட்டேன்.
விறகு, உப்பு, கைப்பிடி உடைந்த குவளை,
இதை வைத்தே சமாளித்திருக்கிறார் மனிதர்.
என் முதல் பத்தியில் நான்கு தனிமைகள்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்;
சொல் போன பள்ளத்தில் வைக்க
என்னிடம் பீங்கான் இல்லை.

பக்கத்து மேசை விர்வே கேட்டாள்:
"அடுத்தவர் தட்டில் எதற்குக் கை வைக்கிறாய்?
சொந்தமாய் ஒருத்தியை எழுதேன்."
கடைவாய்ப் பல் ஒன்று சூளையில் இருந்தது,
அதைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.
பதினாறு வயதில் அந்தப் பக்கத்தை மூடியபோது
எனக்குத்தான் குளிரடித்தது.
இதை எப்படிச் சொல்வது விர்வேயிடம்?

மார்ச்சில், ஆற்றில் பனிக்கட்டி உடைந்த இரவு,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும்
மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
ஒரே ஒரு காரியம்:
அவள் மேலங்கியைக் கழற்றட்டும்.

கழற்றினாள்.
மாட்ட இடம் தேடினாள்.
நான் புத்தகத்தைப் புரட்டினேன்.
அந்த அறையில் ஜன்னல் உண்டு,
அடுப்பு உண்டு, ஒரு பெஞ்சு,
ஐந்தே காலில் நின்றுபோன கடிகாரம் உண்டு.
சுவரில் ஆணி இல்லை.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க
யாரைக் கேட்பது?
வீட்டுக்காரர் கல்லறையில்.
அவள் கையில் அங்கி கனக்கிறது,
கைமாற்றிப் பிடிக்கிறாள்.

சுத்தியல் முனையில் துணி சுற்றி
மூன்று அடி அடித்தேன்.

கொஞ்சம் கோணல்தான்.
தாங்குகிறது.
அவருடைய தரையில் தண்ணீர் சொட்டுகிறது.
எட்லா என் பக்கம் திரும்பவேயில்லை,
அடுப்பை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மூலத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா?
நாளைக்குப் பார்க்க வேண்டும்.