பிறிட்ஜ் நின்ற இடம்

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்து
பிறிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
லீசிங் கொம்பனிப் பெடியன்கள் இரண்டு பேர்,
மரியாதையானவர்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.
"அக்கா, சாமானை எடுங்கோ."
நான் எடுத்து முடிக்கும்வரை
ஒருவன் கூரைத் தகரத்தைப் பார்த்தான்,
மற்றவன் தன் கால்விரல்களை.

சாமான் என்றால் என்ன,
ஆறு போத்தல் தண்ணீர்,
பாதித் தேங்காய்,
முந்தநாள் வைத்த ஜிலேப்பிக் குழம்பு,
கவிசன் ஒளித்து வைத்த ஒரு ஐஸ்பழம்.
மேசையில் பரப்பிப் பார்த்தபோது
இதைக் குளிராக வைக்கவா
பதினாலு மாதம் கட்டினோம் என்று
எனக்கே வெட்கமாய்ப் போனது.
பதினைந்தாவது மாதம்
வாய்க்கால் எங்கள் வயலுக்கு வரும் முன்னம்
வற்றிவிட்டது.

லொறி மல்லாவிப் பக்கம் திரும்பும்வரை
யோகமலரக்கா வேலிக்கு அந்தப் பக்கம்
இல்லாத புல்லைப் பிடுங்கிக்கொண்டு நின்றா.
பார்க்காத மாதிரி நிற்பதும்
ஒரு கைமாற்றுத்தான்.

பிறிட்ஜ் நின்ற இடத்தில்
சீமெந்து மட்டும் புதிதாக இருந்தது.
நாலு மூலையும் சரியாக வெட்டிய வெளிச்சம்.
அதற்குள்
இரண்டு ரூபாய்க் குற்றி,
பல்லிமுட்டைக் கோது,
தர்மிகாவின் அழிறப்பர்,
என் தோட்டுச் சுரை.
அந்தச் சுரைக்காக
இவரோடு நாலு நாள் கதைக்காமல் இருந்தவள் நான்.
இன்று அதை உள்ளங்கையில் வைத்து நீட்ட
இவர் சிரிக்கவில்லை.
என் காதைப் பிடித்துத்
தானே பூட்டிவிட்டார்.
திருகத் தெரியாத விரல்கள். நொந்தது.
நோகிறதென்று நான் சொல்லவில்லை.

ஐஸ்பழம் உருகப் பார்த்தது.
நாலு பேர், ஒரு குச்சி.
கவிசன் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு நீட்டினான்,
நான் எவ்வளவு கடிக்கிறேன் என்று
பார்க்கப் பயந்து.

மிச்சக் குழம்பு நாளைக்கு நிற்காது.
ஒரு கிண்ணம் வேலியால் போனது.
பின்னேரம் கிண்ணம் திரும்பி வந்தபோது
முருங்கைக்கீரை நிறைந்து வந்தது.
பதினாலு மாதமாய் இந்தக் கிண்ணம்
வேலி தாண்டவில்லை என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.
மிஞ்சியதெல்லாம் எங்களுக்குள்ளேயே
குளிர்ந்து கிடந்திருக்கிறது.

இல்லாமையை நான் புகழவில்லை.
எட்டாம் மாத வெயிலில் தலை இடிக்கிறது.
இவர் போத்தல்களை ஈரச்சாக்கில் சுற்றிப்
பாலைமரக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்,
தண்ணீர் குளிர்கிறது, ஆனால் கொஞ்சந்தான்.
பெரும்போகம் கைகொடுத்தால்
இன்னொன்று வாங்கத்தான் போகிறோம்.
முழுக்காசு கொடுத்து. சின்னதாய்.

இரவு அந்த இரைச்சல் இல்லை.
கச்சான் காற்று தகரத்தின் ஆணியொன்றை
ஆட்டிப் பார்ப்பது கேட்டது.
தர்மிகா நித்திரையில் ஏழாம் வாய்பாடு சொல்கிறாள்,
ஏழெட்டில் பிழைக்கிறாள்.
இவருடைய மூச்சு
ஒருமுறை நின்று, யோசித்து,
திரும்பவும் தொடங்குகிறது.
நன்றி என்று வாயால் சொல்கிற பழக்கம்
எங்கள் வீட்டில் இல்லை.
சாப்பிட்டு எழும்பினால்
அவரவர் கோப்பையை அவரவர் கழுவுவோம்.
இவர் மட்டும் சில நாள்
என்னுடையதையும் சேர்த்து.

சனிக்கிழமை காலை
வெளிச்சச் சதுரத்துக்குள் பாய் மடித்துப் போட்டுக்
கொப்பிகளோடு இருந்தாள் தர்மிகா.
"இது என்ர அறை.
தட்டிப்போட்டு வா."
கவிசன் காற்றைத் தட்டினான்.
திறக்கவில்லையாம். அழுதுகொண்டு வந்தான்.

தேத்தண்ணியோடு நானும் போய்
வெறும் வெளியில்
இரண்டு தரம் தட்டினேன்.
"ஆர்?"
"அம்மா."
கொஞ்சம் யோசித்தாள்.
"சீனி போட்டதோ?"