பத்துக் கிலோவுக்குக் கீழே

ஆறு வாரம் காத்திருந்தேன்.
"இந்த அட்டையை இன்னும் யாராவது ஓட்டுகிறீர்களா?"
கேட்டது எனக்குப் பழக்கமான இடத்தில்,
என்னைப் போன்றவர்கள் மட்டும் உலவுகிற இடத்தில்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பதில் வராவிட்டால் இல்லையென்று பொருள்,
எங்கள் தொழிலில் அப்படித்தான்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரி.
டிரைவர் என்றால் வண்டியோட்டி அல்ல,
அட்டைக்கும் கணினிக்கும் நடுவே நின்று
இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்லும் துபாஷி.
இந்தத் துபாஷியைக் கடைசியாக ஒரு கை தொட்டுப்
பதினான்கு வருடம்,
அதுவும் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழை திருத்த.
கீழக்கரையில், மாடி அறையில்,
லுஹர் பாங்கு முடிவதற்குள்
நீக்கி அனுப்பிவிட்டேன்.
மனசு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.
ஆளில்லாத வீட்டுக்கு எத்தனை பெருநாள்
வெள்ளையடிப்பது?

சோதனைக்கென்று வைத்திருந்த பழைய பெட்டிகள்
இனி எதற்கு?
பதினொரு கணினி, நான்கு யு.பி.எஸ்.,
துருப்பிடித்த ஓர் அலமாரி.
காயலான் கடை ரஹ்மத்துல்லா
குட்டியானையில் ஏற்றினார்.
அவர் கிட்டங்கி வாலிநோக்கத்தில்.
அவர் சொல்லும் எடையில் நம்பிக்கையில்லாமல்
நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

உப்பளத்து எடைமேடை.
உப்பு லாரிகளுக்குப் பின்னால் எங்கள் முறை.
தகரக் கொட்டகைக்குள் நம்புராஜன்,
பாலிதீன் உறை போர்த்திய ஒரு கணினி,
பக்கத்தகடு கழற்றி, உள்ளே தெரிய,
ஒரு டேபிள் ஃபேன் அதற்கு மட்டும்.

உள்ளே அந்த அட்டை.

ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து,
ஒரு திருகுக்குப் பதில் மீன்வலை நைலான் கட்டி,
பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு, என்றது.
தன் கூடப்பிறந்தவை பதினொன்றை
பழைய இரும்பென்று
பிசகாமல் நிறுத்துச் சொன்னது.

"அப்டேட்டெல்லாம் போடுவீங்களா?"
என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.
"அது ஒருக்கா வந்துச்சுக்கா.
ரெண்டு நாள் லாரி நின்டு போச்சு.
அன்னைக்கே நெட்டு வயரப் புடுங்கிட்டேன்."

என் கேள்வி இவருக்கு வந்து சேரவில்லை.
நான் நீக்கியதும் வந்து சேராது.
இதில் நிம்மதி கொள்ளலாமா என்று
ஒரு நிமிடம் பார்த்தேன்.
ஆனால் அந்த டிஸ்க் கரகரக்கிறது.
ஒருநாள் அது நிற்கும்,
ராமநாதபுரத்திலிருந்து ஒரு பையன் வருவான்,
புதியதைப் போடுவான்,
புதியது இந்த அட்டையைப் பார்த்து
யார் நீ என்று கேட்கும்.
பையன் அட்டையைத்தான் குற்றம் சொல்வான்.

வண்டியில் ஏறி ஒரு பெட்டியைத் திறந்தேன்.
அட்டையை உருவினேன்.
பையிலிருந்த பென் டிரைவில்
நீக்கிய வரிகள் அத்தனையும் போட்டு
இரண்டையும் நீட்டினேன்.
"என்னக்கா இது?"
"வச்சிருங்க. டிஸ்க் போனா கூப்பிடுங்க."
எடைச்சீட்டின் பின்பக்கம் என் நம்பர்.
யாரென்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

சரக்கு குறைந்துவிட்டதே,
இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னார் ரஹ்மத்துல்லா.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே
கண் தெரியாது.

மறுசீட்டுக்கு நாற்பது ரூபாய்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான்தான் கொடுத்தேன்.