ஆனா

நடுவில் உட்கார்ந்திருப்பவள் நான்.
யங்கோன், பயின்னௌங் சந்தை, மாடி அறை.
இந்தப் பக்கம் விருதுநகர் வன்னியராஜன்,
அந்தப் பக்கம் ஊ சான் த்வின்,
மேசையில் ஒரு தட்டு உளுந்து,
இருநூறு டன்னுக்குச் சாட்சி அந்தக் கைப்பிடிதான்.

வன்னியராஜன் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.
“ஈரம்.
சரி, ஜூன் பதினைஞ்சுக்குள்ள கப்பலேறுமா ஏறாதா?
ஒரே வார்த்தை. கேட்டுச் சொல்லும்மா.”

கேட்டேன்.
ஊ சான் த்வின் சிரித்தார்,
தேநீர்க் கோப்பையை அவர் பக்கம்
அரை அங்குலம் நகர்த்தி
ஹௌக்கே என்றார்.
அகராதியில் அதற்கு ‘ஆம்’.
அந்த அரை அங்குலத்துக்குப்
பொருள் போட்டவர் யாருமில்லை.

ஆனாதே என்று பர்மியர் ஒன்று சொல்வார்கள்.
உன் முகம் வாடுமே என்று
என் வாய் கூசுவது.
தமிழ்க் காதுக்கு அது
‘ஆனா’ என்று தொடங்கி
மிச்சத்தை விழுங்கிக்கொண்ட வாக்கியம்.

விழுங்கிய மிச்சம் எனக்குத் தெரியும்:
பகோவில் அறுப்பு பிந்துகிறது,
லாரிக்கு டீசல் இல்லை,
பாலத்தில் நான்கு நாளாக வண்டிகள் நிற்கின்றன.

“ஆமாங்கிறார்” என்றேன்.
இரு பக்கமும் டன்னுக்கு இரண்டு டாலர் எனக்கு.

ஜூன் பத்து. மழை.
மறுபடி வந்திறங்கிய வன்னியராஜனின் ஓட்டலுக்கு
ஒரு கூடை மங்குஸ்தான் வந்தது.
கூடையில் சீட்டு எதுவும் இல்லை.

“லஞ்சமா?” என்று போனில் கொதித்தார்.
“எங்க வாசலுக்கு எதுக்குப் பழம்? சரக்கு எங்க?”

பழம்தான் அண்ணாச்சி சரக்கு.
தேதிக்கு வராது என்பதை
மனிதர் வேறெப்படி அனுப்புவார்?

இதையும் நான் சொல்லவில்லை.

(சாக்குக்கு நூறு கிராம்
தூசி, துரும்பு என்று கழிப்பவர்தான் அவரும்.
அதற்குப் பெயர் வழக்கம்.
அவர் அப்பாவும் கழித்தார்.)

சரக்கு ஜூலை மூன்றில் ஏறியது.
அதற்குள் சந்தையில் டன்னுக்கு
தொண்ணூறு டாலர் கூடியிருந்தது.
ஊ சான் த்வின் பழைய விலைக்கே கொடுத்தார்,
அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.
வன்னியராஜன் எட்டாம் பிரிவின்படி
பதினெட்டு நாளுக்கு அபராதம் பிடித்தார்.
வட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை,
அதுவே அவருக்குப் பெருந்தன்மை.
இருவரும் என்னிடம் தனித்தனியே சொன்னார்கள்,
மற்றவர் நல்ல மனிதர்தான்,
வியாபாரம் தெரியாதவர் என்று.

என் தரகு முழுசாக வந்தது.

கடன் கொடுத்த சிங்கப்பூர்க் கம்பெனி
படிவம் அனுப்பியிருக்கிறது.
கேள்வி பதினொன்று: பரிசு ஏதும் கைமாறியதா?
ஆம், இல்லை. மதிப்பு.

ஓட்டல் காவலாளி எனக்குத் தந்த பாதிக் கூடையில்
கடைசிப் பழம் இருந்தது.
மங்குஸ்தானின் அடியைத் திருப்பிப் பார்த்தால்
எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை.
எண்ணினேன். ஆறு.
உடைத்தேன். ஆறு.
ஒன்று மட்டும் மஞ்சள் பாலேறிக் கசந்தது.

அந்தக் கையோடு கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.
ஓரத்தில் ஊதாக் கறை.
சுத்தமான பிரதி அனுப்பச் சொல்லித்
திருப்பியிருக்கிறார்கள்.